இடது ஓரத்தில் தெரியும் முழங்கை

ஹேட்லி ஸ்பிரிங்ஸ், அலபாமா
சனிக்கிழமை காலை

'ஹேட்லி வாரமணி' ஆசிரியர் திருமதி ஒலெத்தா பிரிங்கிள் அம்மையார் அவர்களுக்கு, பள்ளிப் பேருந்து ஓட்டுநரும், நம் பள்ளி அணியின் உதவிப் பயிற்சியாளருமான விர்ஜில் ஸ்டக்கி பணிவுடன் எழுதிக்கொண்டது. இடது தோள், வலது முழங்கால், கழுத்தில் ஓர் எலும்பு ஆகியவை நீங்கலாக நான் நலம். தாங்களும் தங்கள் கணவரும் நலமாக இருக்கவும், அவருடைய சர்க்கரை ஓர் அளவில் நிற்கவும் ஞாயிறுதோறும் வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. சென்ற வாரத் தங்கள் இதழின் முதல் பக்கத்தை என் அத்தை மகன் டெல்ராய் மேப்ஸ் முழுதாக அடைத்துக்கொண்டு நிற்கிறான். 'சரக்கு ரயில் ஊர் திரும்பியது! நம் பிள்ளைகளுக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆவாரா?' என்று அவன் பட்டப்பெயரோடு கொட்டை எழுத்தில் தலைப்பு. ஏழாம் பக்கத்தில், காணாமல் போன ஆட்டுக்கும் தேவாலயத்தின் மீன் வறுவல் விருந்துக்கும் நடுவில், 'திரு. ஸ்டக்கி என்பவரும் அப்பதவிக்கு விண்ணப்பித்துள்ளார்' என்று ஒரு வரி. அம்மையாரே, அந்த 'என்பவர்' தங்கள் இரண்டு பிள்ளைகளையும் பன்னிரண்டு வருடம் பேருந்தில் ஏற்றி இறக்கியவன். இருபத்திரண்டு வருடமாக அந்த அணிக்கு உதவிப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளர் பெரியவர் பர்டெட் ஓய்வு பெறும் நாளுக்காக ஒவ்வொரு வருடமும் காத்திருந்தவன். செவ்வாய்க்கிழமை பள்ளிக் குழு கூடி முடிவு செய்கிறது. வாசகர்கள் கருத்து எழுதலாம் என்று தாங்களே கேட்டிருப்பதால் எழுதுகிறேன். பொறாமையால் எழுதவில்லை. கொஞ்சம் பொறாமையும் உண்டு, அதை மறைப்பானேன்.

தங்கள் நிருபருக்கு விளங்கவில்லை போலிருப்பதால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன் ஒருவன். அவனுக்கு முன்னால் போய், எதிரே வரும் எருமைகளை இடித்துத் தள்ளி வழி திறக்கிறவன் இன்னொருவன். பள்ளியில் நான்கு வருடமும் டெல்ராய் ஓடினான், நான் இடித்தேன். ஆட்டத்துக்கான திட்டங்களைப் பெரியவர் பர்டெட் கரும்பலகையில் எழுதும்போது டெல்ராய் கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொண்டிருப்பான். மைதானத்தில் இறங்கியதும் என் முதுகில் உள்ளங்கையை வைத்து, "விர்ஜில், எந்தப் பக்கம்டா?" என்பான். "இடது பக்கம்டா, மூதேவி" என்பேன். அந்தக் கையை எடுக்காமல் என் பின்னாலேயே வருவான், நான் கீழே விழுந்ததும் என்னை மிதித்துக்கொண்டு ஓடுவான். மாநிலக் கோப்பையை அப்படித்தான் வாங்கினோம். அன்று தங்கள் மாமனார் எடுத்த படம் இன்றைக்கும் கிளீட்டஸின் முடிவெட்டும் கடைச் சுவரில் தொங்குகிறது. டெல்ராய் ஆகாயத்தில் பறக்கிறான். இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. அது என்னுடையது. படத்துக்குக் கீழே 'டெல்ராய் மேப்ஸ், மற்றும் ஓர் ஆட்டக்காரர்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள்.

பிறகு பெரிய கல்லூரி, அதன் பிறகு தொழில்முறை அணி என்று அவன் போனான், நான் பேருந்தில் ஏறினேன். ஊர் எல்லையில் அவன் பெயரில் பலகை வைத்தோம். வடக்கே பனி கொட்டும் ஊரில் அவனுடைய முதல் ஆட்டத்தை மொத்த ஊரும் தேவாலயக் கூடத்தில் ஒரே தொலைக்காட்சியில் பார்த்ததே, தாங்களும் பூசணி வடிவத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தீர்கள், நினைவிருக்கும். பந்து கைக்கு வந்தது. அங்கே கேட்பதற்கு முதுகு இல்லை. வலது பக்கம் போக வேண்டியவன் இடது பக்கம் பாய்ந்து, தன் அணித் தலைவனையே இடித்துத் தள்ளினான், அந்த மனிதன் இரண்டு மாதம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். என் அத்தை மட்டும் எழுந்து கைதட்டினாள். "பாத்தீங்களா, எம்புள்ள என்னமா இடிக்குறான்!" என்றாள். இரண்டாவது அணியில் அவனுக்கு நல்ல காலம் பிறந்தது போலத்தான் இருந்தது. ஒரு நாள் யாருமே துரத்தாத தூரத்துக்கு ஓடிவிட்டான். எல்லைக் கோட்டுக்கு ஓர் அடி இருக்கும்போதே பந்தைக் கீழே போட்டுவிட்டு இடுப்பை வளைத்து ஆட ஆரம்பித்தான். எதிரணிக்காரன் ஒருவன் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்தின் மறுமுனை வரைக்கும் ஓடிப் புள்ளியும் எடுத்துவிட்டான், அதுவரைக்கும் இவன் ஆடிக்கொண்டே இருந்தான், நடுவில் கூட்டத்துக்கு முத்தம் வேறு. மூன்றாவது அணியில் முழங்கால் பிய்ந்தது. ஆட்டத்தில் இல்லை, மெத்தை விளம்பரத்தில். படுத்துக் காட்டு என்றார்கள், குதித்துக் காட்டியிருக்கிறான். ஆக மொத்தம் நான்கு வருடம், மூன்று அணி, ஒரு மெத்தை. இதைத்தான் தாங்கள் 'ஒளிமயமான தொழில் வாழ்க்கை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு கோழிக்கடை வைத்தான், கடையில் கோழியைவிட அவன் படங்கள் அதிகம், மூடிவிட்டார்கள். வானொலியில் வர்ணனை செய்தான், அடுத்து இந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று அவன் சொன்னால் அந்தப் பக்கம் ஓடினார்கள். இப்போது சிவப்புக் காரில் வந்து இறங்கியிருக்கிறான். அது வாடகைக் கார், கண்ணாடியில் சீட்டு ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். புதன்கிழமை நான் கிளீட்டஸிடம் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன், பாதி முகம் முடிந்திருக்கிறது, இவன் உள்ளே வருகிறான்.

"விர்ஜிலு, செத்த எந்திரிப்பா. ரயில் வந்துருக்குல்ல" என்கிறான் கிளீட்டஸ்.

"டேய், பாதி மூஞ்சி பாக்கி இருக்குடா!"

"உன் மூஞ்சிய யாரு பாக்கப் போறா? நீ பஸ்ஸுல முன்னாடி பாத்துத்தான ஓட்டுற, புள்ளைங்களுக்கு உன் முதுகுதான தெரியும்."

பாதி நுரையோடு அரைமணி நேரம் சுவரோரம் நின்றேன். டெல்ராய் அந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மச்சான், நல்லாருக்கியா? இன்னும் அந்த பஸ்ஸுதானா?" என்று கேட்டான். அம்மையாரே, எனக்கு அழுகையே வந்துவிட்டது. எருமை மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு எதற்கு அழுகிறாய் என்று கேட்பார்கள் என்பதால், நுரை கண்ணில் பட்டதாகச் சொல்லிவிட்டேன்.

ஆகவே பள்ளிக் குழுத் தலைவி திருமதி சாட்டர்வைட்டும் மற்றவர்களும் தயவுசெய்து யோசிக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, பக்கம் தெரிந்தவன் வேண்டும். வாழ்க்கையில் ஒரு தடவை, ஒரே தடவை, எனக்குப் பின்னால் யாரும் இல்லாமல் நான் மட்டும் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பார்க்க ஆசைப்படுகிறேன். இதில் ஓர் எழுத்துகூடக் குறைக்காமல் வெளியிடவும். தங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் என் வணக்கங்கள். தங்கள் பீச் பழ இனிப்புக்கு இந்த வருடமும் முதல் பரிசே கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
எப்போதும் முன்னால் போகிற,
விர்ஜில் ஸ்டக்கி

பின்குறிப்பு, புதன்கிழமை: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கூட்டத்தில் இதையே வாசித்துவிடலாம் என்று சட்டைப் பையில் வைத்துப் போனேன். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை, தாங்களும் இருந்தீர்கள். ஆனால் தாங்கள் பார்க்காதது ஒன்று உண்டு. திருமதி சாட்டர்வைட் முதலில் என் பெயரைத்தான் கூப்பிட்டார். எழுந்தேன். முதுகில் ஓர் உள்ளங்கை வந்து உட்கார்ந்தது. முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகும் அது யாருடைய கை என்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

"விர்ஜில், எனக்கு வேற எடமே இல்லடா. எந்தப் பக்கம்டா?" என்றான், யாருக்கும் கேட்காத குரலில்.

"இடது பக்கம்டா, மூதேவி" என்று என் வாய் சொல்லிவிட்டது. மூளையை யாரும் கேட்கவில்லை. கால்கள் கிளம்பிவிட்டன. நான்கு நாற்காலிகள், ஒரு பாதிரியார், திருமதி சாட்டர்வைட்டின் எலுமிச்சைக் கேக் வைத்திருந்த மேசை எல்லாம் சரிந்து போன வகை தங்களுக்கே தெரியும். பாதிரியார் இப்போது எழுந்து நடக்கிறார். ஒலிவாங்கிக்கு முன்னால் போனதும் பழக்க தோஷத்தில் ஒதுங்கிவிட்டேன், அவன் என் காலை மிதித்துக்கொண்டு போய் அதன் முன் நின்றான்.

பிறகு அவன் ஒரு காரியம் செய்தான், வாழ்நாளில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னான். "எனக்கு இந்த ஆட்டத்துல ஒண்ணுமே தெரியாதுங்க. விர்ஜில் சொன்ன பக்கம் ஓடுனேன், அவ்ளோதான். அவனக் கேக்காம நான் ஓடுனதெல்லாம் தப்பாத்தான் போச்சு." இந்த ஊர் இப்போதாவது என் முகத்தைப் பார்க்கும் என்று நினைத்தேன்.

"அடேயப்பா, என்ன ஒரு அடக்கம்!" என்று திருமதி சாட்டர்வைட் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாக்கெடுப்பு நடத்தினார். ஏழு ஓட்டும் அவனுக்கே. தலைமைப் பயிற்சியாளர் டெல்ராய் மேப்ஸ். கூட்டத்தில் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது நான்தான், அதை எழுத வேண்டாம். இன்று காலை ஏழு மணிக்கே பேருந்தில் வந்து ஏறி, என் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, பயிற்சியை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறான். வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம்.

ஆகவே மேலே எழுதியது எதையும் அச்சிட வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள். தாங்கள் நேற்று எடுத்த படத்தை முதல் பக்கத்தில் போடுவீர்கள், தெரியும். அதில் டெல்ராய் கையை உயர்த்தி நிற்பான், இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். இந்தத் தடவையாவது அதன் கீழே பெயர் போடுங்கள்.