தண்ணீர் தெளியும்வரை தேய்த்த கார்

ஒரு வேலையை எந்த இடத்தில் நிறுத்துவது என்று உங்கள் கைக்கு எப்படித் தெரிகிறது? எனக்கு இன்றைக்கும் தெரியாது. சோறு வெந்துவிட்டதா என்று நாலு தரம் பதம் பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டுப் படலைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் என் கணவர் ஒரு காரை ஒப்படைத்தார்.

அது ஒரு பழைய கறுப்பு மொறிஸ் மைனர். தன் தங்கை பிலோமினா மணப்பெண்ணாகத் தேவாலயத்துக்கு அந்தக் காரில்தான் போவாள் என்று இவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடைக்கு வராத காலம். வள்ளத்துக்கு அடிக்கிற நீலப் பெயின்றை எங்கேயோ தேடிப்பிடித்து, நுளம்பு மருந்து அடிக்கும் பம்பில் ஊற்றி, லிங்கநகர் வீட்டு முற்றத்தில் வைத்துத் தானே அடித்தார். (துறைமுகக் கந்தோரில் காகிதக் கோவைகள் அடுக்குகிறவர். அந்த இரண்டு நாளும் நடையே மாறியிருந்தது.) காய்ந்த பிறகு பார்த்தால் கார் முழுவதும் தோடம்பழத் தோல் மாதிரிச் சொரசொரப்பு.

அதற்கு வைத்தியம், அரத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது. மேடுகள் மட்டமானதும் நிறுத்திவிட்டுப் பொலிஷ் போட வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். இவர் கதவுகளைத் தேய்த்தபோது நான் குசினியில் நின்றேன். கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்க, முன்பக்கத்துப் பொனற் மட்டும் மிச்சம்.

அன்று காலை கலியாண அரிசி சொல்லிவைக்க இவர் கிண்ணியாவுக்குப் புறப்பட்டார். செருப்பை மாட்டிக்கொண்டே, பொனற்றை நீர் தேய்த்துவையும் என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவருக்குப் பாதை போய்விடும் என்ற அவசரம். (கார், மாடு, மனுசர் எல்லாவற்றையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.)

"தண்ணி தெளிவா வருமட்டும் தேச்சுக்கொண்டிரும். அவ்வளவுதான்."

"தெளிவா வருமட்டுமோ?"

"ஓம், ஓம். நீர் அரிசி கழுவுறேல்லையே?"

அரிசி கழுவ எனக்கு நன்றாகத் தெரியும்.

மகளுக்கு அப்போது எட்டு மாதம். காரை ஒட்டியிருந்த விறாந்தையில் ஏணை கட்டி, அதை ஆட்டும் கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டேன். வலது கையில் அரத்தாள். இரண்டு கையும் ஒரே தாளத்தில் போயின. தேய்ப்பது நின்றால் ஏணை நிற்கும். ஏணை நின்றால் பிள்ளை எழும்பும். ஆகவே நிறுத்தவில்லை.

முதலில் நீலத் தண்ணீர் வழிந்தது. அழுக்கு என்று நினைத்தேன். (கன்னியாஸ்திரிமாரிடம் விஞ்ஞானம் படித்தவள் நான்.) பிறகு கறுப்பாக வந்தது. அடியில் கிடந்த பழைய ஊத்தை இப்போதுதான் கழன்று வருகிறது என்று உற்சாகம் கூடிவிட்டது. அதற்குப் பிறகு செங்கல் நிறம். துருவையும் நான் விட்டுவைக்கவில்லை. என் கண் முழுவதும் கீழே ஓடும் தண்ணீரில்தான். காரை ஒரு தரமாவது துடைத்துப் பார்த்திருக்கலாம். மத்தியானமளவில் தண்ணீர் தெளிந்தது. நுரையைக் கழுவி ஊற்றினேன். பொனற்றின் மேட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவில் நாலைந்து இடம் வெள்ளியாய்ப் பளபளத்தது. பொலிஷ் போடாமலே இந்த மினுக்கம் என்றால், போட்டால் எப்படியிருக்கும் என்று நான் மகிழ்ந்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இவருடைய தாய், என் மாமிதான் முதலில் வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. விரலால் தொட்டுவிட்டு, "பிள்ளை, இது தகரம்" என்றார்.

பின்னேரம் இவர் வந்தார். முற்றத்தில் பிலோமினா அழுதுகொண்டிருந்தாள். இந்த வேலையை இவளிடம் யார் விட்டது என்று மாமி கேட்டார். இவர் பொனற்றைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"தொடவேண்டாம் எண்டெல்லோ நான் சொல்லிப்போட்டுப் போனனான்."

கலியாண வீட்டில், தாய்க்கு முன்னால், அவரைப் பொய்யர் ஆக்க எனக்கு ஏலாமல் போனது. ஏணையை ஆட்டப் போனேன். பிள்ளை அழவேயில்லை.

மீண்டும் அடிக்கப் பெயின்ற் இல்லை. இருந்தாலும் காயாது. மாமி ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பொனற்றில் போர்த்து, இழுத்துக் கட்டி, மேலே பூமாலை வைத்தார். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். தேவாலய வாசலில் கார் திரும்பியபோது, அங்கே நின்ற ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, சிலுவை அடையாளம் போட்டுத் தலை குனிந்தார். யாருடைய பிரேதம் என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டாராம். கலியாணப் படங்கள் எல்லாவற்றிலும் பிலோமினாவின் கண் வீங்கியிருக்கிறது. அவள் என்னோடு ஒரு வருஷம் கதைக்கவில்லை. அண்ணனோடு அன்றைக்கே கதைத்தாள்.

இப்போது அது எங்கள் வீட்டுப் பகிடி. விருந்தாட்கள் வந்திருக்கும்போது நான் அரிசி கழுவினால், "பாத்து, பானையும் தேஞ்சுபோம்" என்று இவர் விறாந்தையில் இருந்து சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். தேத்தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே நானும் சிரிப்பேன்.

போன கிழமை, மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், வீட்டில் நடந்த வேடிக்கை ஒன்றைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியிருக்கிறாள். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. 'அப்பா தொட வேண்டாம் என்றார். அம்மா சொல்வழி கேட்கவில்லை.' ரீச்சர் அடியில் 'மிக நன்று' போட்டு, பெற்றோரின் கையொப்பம் கேட்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் கொப்பியை இவரிடம் நீட்டி, அன்றைக்கு நீங்கள் அப்படியா சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வேற என்ன சொன்னனான்?" என்றார். பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே மறந்துபோயிருந்தார்.

கொப்பி மூன்று நாளாக அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. மகள் இன்று காலையும் கேட்டாள். பிள்ளை வளர்க்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் எனக்கு ஒரு வழி எழுதுங்கள். கையெழுத்தை வைத்துக் கொடுத்துவிடுவதா, அல்லது பிள்ளையை மடியில் இருத்தி, அவளுடைய தகப்பனைப் பற்றிய அந்த ஒரு வரியைத் திருத்துவதா?