டாக்டர் குலேவின் விஷமுறிவு மிக்ஸி

டிரியாவ்னா ஊர் வாசகசாலையில் அன்று காலை நிற்கக்கூட இடமில்லை. புத்தகம் வாங்க வந்த கூட்டம் என்று தப்பாக நினைத்துவிட வேண்டாம். அங்கே கடைசியாக ஒரு புத்தகம் இரவல் போனது எப்போது என்று நூலகருக்கே நினைவில்லை. கூட்டம் வந்தது ஒரு மிக்ஸியைத் தரிசிக்க.

சாதாரண மிக்ஸி அல்ல. பெயர் 'சோரா'. காய்கறிக்குள் ஒளிந்திருக்கும் விஷத்தைத் தேடிப் பிடித்துக் கொல்லுமாம். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, முட்டிவலி மூன்றுக்கும் ஒரே பொத்தான். விலை இரண்டு மாத ஓய்வூதியம்தான். உயிரோடு ஒப்பிட்டால் மலிவு என்றார், அதைக் கொண்டுவந்த டாக்டர் போயான் குலேவ். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார், போதாதா? போதாதவர்களுக்கு வாசலிலேயே பனிட்சா என்னும் பாலாடைக்கட்டிப் பலகாரத்தைச் சூடாகக் கொடுத்தார்கள். வாயில் தின்பண்டம் இருக்கும்போது கேள்வி எப்படி வெளியே வரும்?

கடைசி வரிசையில் ஸ்தோய்கா உட்கார்ந்திருந்தாள். மழலையர் பள்ளிச் சமையலறையில் முப்பது வருடம் வெந்தவள். அவள் வந்தது மிக்ஸிக்காக அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை ருமியானாவுக்காக. போன மாதக் கூட்டத்தில் ருமியானா சோரா வாங்க முன்பணம் கட்டிப் பெயர் பதிந்திருந்தாள். மிக்ஸி கைக்கு வருமுன் உடம்பு மருந்து எதுவுமில்லாமல் காலியாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்பது நாளாக அவள் ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தொடவில்லை. முந்தின நாள் மாடிப்படியில் தலை சுற்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மாத்திரையப் போடுடி, கெஞ்சிக் கேக்கறேன்," என்றாள் ஸ்தோய்கா.

"சும்மா இரு அக்கா. விஷம் எறங்குது, அதான் சுத்துது. டாக்டர் அப்பவே சொன்னாரு."

விஷம் இறங்கியதோ இல்லையோ, புத்தி இறங்கிவிட்டது என்று ஸ்தோய்கா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மேடையில் இரண்டு மிக்ஸிகள் இருந்தன. ஒன்று பளபளக்கும் சோரா. இன்னொன்று, "உங்க வீட்டுல இருக்கே, அந்த மாதிரி" ஒரு பழைய வெள்ளை மிக்ஸி. டாக்டர் ஒரே சிவப்பு முட்டைக்கோஸை இரண்டாக வெட்டினார். ஒரு பாதி இதில், ஒரு பாதி அதில். இரண்டிலும் தண்ணீர் ஊற்றி ஓட்டினார். வீட்டு மிக்ஸியிலிருந்து குளத்துப் பாசி மாதிரி நீலப்பச்சையாக ஒன்று வழிந்தது. சோராவிலிருந்து ரோஜா நிறத்தில் சாறு வந்தது.

மண்டபமே மூச்சை இழுத்தது.

"பாத்தீங்களா? இந்தப் பச்சையைத்தான் இத்தனை வருஷமா பேரப் பிள்ளைங்களுக்கு ஊட்டியிருக்கீங்க," என்றார் டாக்டர் துக்கத்தோடு. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கென்ச்சோ சாட்சி சொல்ல எழுந்தார். "போன தடவை ஒரே ஒரு கப் குடிச்சேன். வலது முட்டி வலி போயே போச்சு. இப்ப இடது முட்டியிலதான் இருக்கு."

"வெளியேறுது," என்றார் டாக்டர். "வழியில இருக்கு."

கூட்டம் கை தட்டியது. பிறகு டாக்டர் முன்பதிவு செய்தவர்களை மேடைக்குக் கூப்பிட்டார். ருமியானா போனாள். இரண்டு படி ஏறியதும் முகம் சிவந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள். டாக்டர் அவள் தாடையைத் தொட்டு கூட்டத்துக்குத் திருப்பிக் காட்டினார். "இந்த நிறத்தப் பாருங்க. புது ரத்தம் ஊறுது."

ஸ்தோய்கா அதற்கு மேல் உட்காரவில்லை. நேராக மேடை ஏறி, தங்கையை நாற்காலியில் உட்காரவைத்து, ரோஜாச் சாறை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"ஏன் டாக்டரே, முட்டைக்கோஸ் எப்பலேர்ந்து புளிக்க ஆரம்பிச்சுது?"

"அது உயிர்ச்சத்து அம்மா."

"அப்படியா. இன்னொரு தடவை அரைச்சுக் காட்டுங்க. ஆனா ஜாடி ரெண்டையும் நான் கழுவித் தர்றேன்."

டாக்டர் சிரித்தார். உதடு மட்டும்தான் சிரித்தது. "நேரமில்லையே."

"ரெண்டு நிமிஷம்தான் ஆவும், கழுவட்டுமே," என்றார் முன்வரிசையில் ஒருவர். அவருக்கு சந்தேகம் ஒன்றுமில்லை. அற்புதத்தை மறுபடி பார்க்க ஆசை.

வாசகசாலை அடுக்களையில் ஸ்தோய்கா கதவைத் திறந்துவைத்துக்கொண்டே இரண்டு ஜாடிகளையும் கழுவினாள். வெள்ளை மிக்ஸியின் கத்திக்கு அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சுரண்டி நாக்கில் வைத்தாள். சோடா உப்பு. திரும்பி வந்து, மேசையில் இருந்த இன்னொரு முட்டைக்கோஸை அவளே வெட்டிப் போட்டு, இரண்டையும் ஓட்டினாள்.

இதிலும் ஊதா. அதிலும் அதே ஊதா.

"அவநம்பிக்கை," என்றார் டாக்டர். "இந்த அம்மாவோட அவநம்பிக்கை அலைகள் சோராவைத் தடுக்குது."

"என் அவநம்பிக்கைக்கு அவ்ளோ சக்தி இருந்தா, மொதல்ல எங்க வீட்டு மின்கட்டணத்தை நிறுத்தியிருப்பேன்," என்றாள் ஸ்தோய்கா. ஊதாச் சாறை இரண்டு கோப்பைகளில் ஊற்றி, அடுக்களையிலிருந்து கொண்டுவந்த வினிகரை ஒன்றில் விட்டாள். ரோஜா. இன்னொன்றில் ஒரு சிட்டிகை சோடா உப்பு. பாசி. "இந்தாங்க ஆரோக்கியம். இந்தாங்க விஷம்." விஷத்தை எடுத்து மடமடவென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள். "உப்புக் கரிக்குது, வேற ஒண்ணுமில்ல. சிவப்புக் கோஸ் சாலட்டுல வினிகர் ஊத்துறவங்க இங்க எத்தனை பேரு? நிறம் மாறுறத தெனமும் பாக்குறவங்கதான நாம?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் மறந்துபோயிருந்தது.

"அப்ப மிக்ஸியே கெடுதலா ஸ்தோய்கா?" என்றார் கென்ச்சோ பாவமாக.

"கெடுதல் என்ன? பல்லு மொளைக்காத பிள்ளைக்கும், பல்லு போன உங்களுக்கும் சூப்பு வழவழன்னு அரைக்கும். நல்ல சாமான். உருளைக்கிழங்கைப் போட்டா பசையாயிடும். கொதிக்கக் கொதிக்க ஊத்தி மூடினா மூடி கூரைக்குப் போவும், முகம் வெந்துடும். நல்லது கெட்டது அவ்ளோதான். முட்டிவலி அதுக்குத் தெரியாது."

"அப்ப என் இடது முட்டி?"

"அதுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல போய் வரிசையில நில்லுங்க."

டாக்டர் மிக்ஸிகளை வாரி அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தார். வயர் மேசைக்காலில் சிக்கிக்கொண்டது. போன மாதம் முன்பணம் கொடுத்தவர்கள் அதை விடுவிக்க உதவவில்லை. கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மட்டும் அவர் காதருகே போய், "பாதி விலைக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். அப்படியும் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்.

ஸ்தோய்கா கைப்பையிலிருந்து தங்கையின் மாத்திரையை எடுத்து நீட்டினாள். ருமியானா தலை நிமிரவில்லை.

"நான் முட்டாள்னு ஊரே பாத்துடுச்சுக்கா."

"ஊரும் உன்கூடத்தான கை தட்டுச்சு. முழுங்கு. இப்பவே டாக்டர்கிட்ட போறோம். நெசமான டாக்டர்கிட்ட."

ருமியானா விழுங்கினாள். அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினாள்.

மிக்ஸியோ மந்திரமோ, உங்கள் ஊருக்கும் எவராவது ஏதாவது அற்புதம் கொண்டு வருவார். கும்பிடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்: "பாத்திரத்தை நான் கழுவித் தருகிறேன்." தண்ணீர் பட்டால் உண்மைக்கு ஒன்றும் ஆகாது. கரைவது பொய்தான்.