சீரோடு போன சயின்ஸ் ரூம்

உலகத்தில் எத்தனையோ ஹெட்மாஸ்டர்கள் இருந்திருப்பார்கள். தன் கல்யாணத்துக்கே லீவு போடாத ஹெட்மாஸ்டர் எங்கள் ஊரில் மட்டும்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமையில் முகூர்த்தம் அமையும்வரை பெண் வீட்டாரைக் காக்க வைத்தார். திங்கட்கிழமை காலையில் கழுத்துச் சந்தனம் காயாமல் வாசலில் வந்து நின்று, நேரம் கழித்து வந்த பிள்ளைகளைப் பிடித்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் ‘நோ லீவு’. பெற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். தபால்காரர்கூட, “நோ லீவு சார் இருக்காரா?” என்றுதான் கேட்பார். அவருடைய சொந்தப் பேரைக் கேட்டால் எனக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நான் அங்கே பியூன். ஐந்தாவது வரை படித்தவன். பெருக்குவேன், தண்ணீர் தூக்குவேன், மணி அடிப்பேன். மணி என்றால் வேப்பமரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அடித்தால் பள்ளத்தூர் சாலை வரைக்கும் கேட்கும்.

பெரிய லீவில், மே மாதத்தில், பள்ளிக்கூடத்தில் காக்கை மட்டும்தான் இருக்கும். அப்போதும் அவர் வருவார். நானும் வர வேண்டும். வேளாவேளைக்கு மணி அடிக்க வேண்டும்.

“யாருக்கு சார் அடிக்கிறது?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மணிக்குத்தான். ஒரு மாசம் அடிக்காம விட்டா அதுக்குச் சோம்பல் வந்திரும். அடிப்பா.”

அடித்தேன்.

பள்ளிக்கூடம் நடந்தது ஒரு பெரிய செட்டியார் வீட்டில். வீட்டுக்குப் பங்குக்காரர்கள் பலர். பாதிப்பேர் மதராஸில், சிலர் மலேயாவில். வீட்டைப் பள்ளிக்கு வாடகை இல்லாமல் சும்மா விட்டிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. பங்காளி வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் இந்த வீட்டில்தான் நடக்கும். அப்போது இடத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும்.

வேறு ஹெட்மாஸ்டராக இருந்தால் கல்யாணத்துக்கு லீவு விட்டிருப்பார். இவர் பள்ளிக்கூடத்தைச் சுருட்டிப் பின்பக்கம், சமையல் நடக்கும் இரண்டாங்கட்டுக்குக் கொண்டு போய்விடுவார். ஒரு பக்கம் அப்பளம் பொரியும். ஒரு பக்கம் வாய்ப்பாடு நடக்கும். சமையல்காரர், “சார், புள்ளைக சத்தத்துல உப்புப் போட்டனா இல்லையான்னு மறந்துபோகுது” என்பார். “போட்டீக. நான் பார்த்தேன். இன்னொரு தடவ போட்டுறாதீக” என்று சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடர்வார்.

மழை பெய்து வளவில், அதாவது நடு முற்றத்தில், தண்ணீர் நின்றால் பிள்ளைகளைப் படிக்கட்டில் ஏற்றி உட்கார வைப்பார். தமிழ் வாத்தியார் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“சார், வீட்டுல பிரசவம். ஒரு நாள் லீவு வேணும்.”

“யாருக்குப் பிரசவம்?”

“என் சம்சாரத்துக்கு.”

“அப்ப அவுக லீவு எடுக்கட்டும். நீங்களா பெறப் போறீக?”

வாத்தியார் முகம் தொங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இவரே தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தார். “போயிட்டு வாங்க. ஒங்க வகுப்பையெல்லாம் நான் பார்த்துக்கிறேன். இது லீவு இல்ல. வேலையா வெளிய போறீக. அம்புட்டுதான்.”

செக்காலையில் கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவருடைய பையன்கள் எங்களிடம் படித்தார்கள். நோன்பு முடிகிற சமயம் சாயங்காலம் அவர் வந்தார்.

“பிறை தெரிஞ்சிருச்சு சார். நாளைக்குப் பெருநாள்.”

“நீங்க பார்த்தீகளா?”

“ஊரே பார்த்துச்சு.”

“நீங்க பார்த்தீகளான்னு கேட்டேன்.”

“எனக்குக் கண்ணுல புரை, சார்.”

“அப்ப ஒங்க சாட்சி செல்லாது. புள்ளைகள வீட்டுல வச்சுக்கங்க. பள்ளிக்கூடத்துக்கு லீவு இல்ல.”

மறுநாள் ராவுத்தர் பெரிய தூக்குச்சட்டியில் பிரியாணி கொண்டுவந்து இறக்கினார். “லீவு விட்டுருந்தா வீட்டுலயே சாப்பிட்டிருப்பேன். ஒங்களால இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தேன்” என்றார். எல்லோரும் சாப்பிட்டோம். பள்ளிக்கூடமும் நடந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வருடம் ஜூன் மாதத்தில் எங்களுக்குப் பதினோராம் வகுப்பு கிடைத்தது. அப்போதெல்லாம் பள்ளிப் படிப்பு பதினொன்றோடுதான் முடியும். அதுவரை எங்கள் பள்ளியில் பத்து வரைதான். மேலே படிக்கக் காரைக்குடிக்குப் பஸ் ஏற வேண்டும். பையன்கள் ஏறினார்கள். பெண் பிள்ளைகளை யாரும் ஏற்றவில்லை. பத்து முடித்தால் வீடு.

கிடைத்த வகுப்பும் தற்காலிகம்தான். கல்வி அதிகாரி வந்து பார்ப்பார். சயின்ஸ் ரூம் சரியாக இருந்தால் வகுப்பு நிலைக்கும். இல்லாவிட்டால் பிள்ளைகள் காரைக்குடிக்கு மாற வேண்டும்.

அந்தப் பதினோராம் வகுப்பில் என் மகள் செல்லமும் இருந்தாள். என் மச்சினன் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்தான். “என்ன மச்சான், வகுப்பு நெலைக்குமா? இல்லேன்னா சொல்லுங்க, பங்குனியிலயே கல்யாணத்த முடிச்சிருவோம்” என்பான். செல்லத்துக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை அவன்தான். நல்லவன்தான். செல்லத்தைக் கேட்டேன்.

“மாமாவுக்கு அப்படி என்னப்பா அவசரம்?” என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

சார்தான் சயின்ஸ் பாடமும் எடுத்தார். மதுரைக்கும் காரைக்குடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்து சாமான் சேர்த்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சின்னத் தராசு, குடுவைகள், சோதனைக் குழாய்கள், ஸ்பிரிட் விளக்கு, காந்தம், சுவரில் மாட்ட ஒரு எலும்புக்கூட்டுப் படம்.

தை பிறந்தது. அந்த வீட்டுப் பங்காளி ஒருவர் உள்ளூரிலேயே இருந்தார். அவர் மகள் உமையாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்தூரான நேமத்தான்பட்டிக்காரர். உமையாள் எங்களிடம் பத்து வரை படித்த பெண். அவள் காலத்தில் பதினொன்று இல்லை. வீட்டில் இருந்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் கல்வி அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. வேறு ஆளாக இருந்தால் தள்ளி வைக்கச் சொல்லியிருப்பார்.

“சாயங்காலம் பொண்ணும் சீரும் கெளம்பிரும். மறுநா காலையில நீ பெருக்கிரு. சயின்ஸ் சாமானை மட்டும் இப்பவே எடுத்து வச்சிருவோம். வளவு ஓரத்து அறை சும்மாதானே கெடக்கு?” என்றார் சார்.

தராசின் பித்தளைத் தட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். கல்யாணத்தன்று விடிந்ததும் அவரே மேஜையில் அடுக்கி, வெள்ளை வேட்டியால் மூடினார். இரண்டு பேரும் இரண்டாங்கட்டுக்குப் போய்விட்டோம்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சீரை எல்லோரும் பார்க்கப் பரப்பி வைப்பார்கள். வைரத்திலிருந்து வீடு கூட்டுகிற வாரியல் வரை இருக்கும். இது இருக்கும், இது இருக்காது என்று கிடையாது. அந்த வீட்டில் சீர் பரப்புகிற அறை எது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அதே அறைதான்.

மதராஸிலிருந்து வந்த ஆச்சி ஒருவர் வேட்டியை விலக்கிப் பார்த்திருக்கிறார். பளபளவென்று இருக்கிறது. வெளிநாட்டுச் சாமான் என்று நினைத்து முன்வரிசையிலேயே வைத்துவிட்டார். சாயங்காலம் லாரியில் ஏற்றியும் விட்டார்கள்.

மறுநாள் காலை அறையைத் திறந்தோம். எலும்புக்கூட்டுப் படம் மட்டும் இருந்தது. அதையும் மங்கல காரியம் என்று சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள்.

சார் வெறும் மேஜையைத் தடவிப் பார்த்தார். பிறகு உமையாளின் தாயாரைத் தேடிப் போனார். பின்னாலேயே போனேன். தாயார் விஷயத்தைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“அய்யய்யோ, அதெல்லாம் பள்ளிக்கூடத்துச் சாமானா?”

“ஆமா ஆச்சி. ஒரு வார்த்தை சொல்லி விட்டீகன்னா நான் போயி எடுத்துக்கிறேன்.”

“பரப்பி வச்ச சீரைத் திருப்பிக் கேக்கவா? இரவல் சாமானை வச்சு ஊரை ஏமாத்துனாகன்னு சம்பந்தி வீட்டுல சொல்ல மாட்டாகளா? எம் மக அங்க வாழணுமில்ல, சார்?”

சார் திரும்பி வாசலுக்கு வந்தார். நான் மகளைப் பார்த்தேன். அவள் வகுப்போடு வரிசையில் நின்றாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது.

வாசலில் ஜீப் வந்து நின்றது. கல்வி அதிகாரி இறங்கினார். சுற்றிப் பார்த்தார்.

“சயின்ஸ் ரூம் எங்க?”

“நேமத்தான்பட்டியில, சார்.”

“பள்ளிக்கூடம் இங்க இருக்கு. சயின்ஸ் ரூம் அங்கயா?”

“இன்னைக்கு மட்டும் சார். வாங்க, போவோம்.”

கல்யாணத்துக்கு வந்த மாட்டு வண்டிகள் இன்னும் ஊர் திரும்பாமல் நின்றன. பதினோராம் வகுப்பை அதில் ஏற்றினார். என்னைப் பார்த்தார்.

“கருப்பையா, மணியை எடு.”

“மணியுமா சார்?”

“மணி இல்லாம வகுப்பு ஏதுப்பா?”

தண்டவாளத்தை அவிழ்த்துத் தோளில் வைத்து வண்டி ஏறினேன். போகிற வழியெல்லாம் சனங்கள் பார்த்தார்கள். முன்னால் ஜீப், பின்னால் வண்டி நிறையப் பிள்ளைகள், கடைசியில் இரும்போடு நான்.

மாப்பிள்ளை வீட்டிலும் சீரைப் பரப்பியிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் கூடி நின்றார்கள். மாப்பிள்ளையின் தாயார் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

“இது வைரம் நிறுக்குற தராசு. இந்தக் குழாயெல்லாம் அத்தர் ஊத்தி வைக்கிறதுக்கு. இந்த வெளக்கப் பாருங்க, கண்ணாடியில. சீமையில செஞ்சதாம்.”

“காந்தம் எதுக்கு ஆச்சி?” என்றாள் ஒருத்தி.

“ஊசி தொலைஞ்சா தேட வேணாமா?” என்றார் யோசிக்காமல்.

கல்வி அதிகாரி எங்கள் சாரைப் பார்த்தார். சார் சீரைப் பார்த்தார். வாயைத் திறந்தால் உமையாளுக்குக் கெடுதல். திறக்காவிட்டால் வகுப்புக்குக் கெடுதல்.

உமையாள் உள்ளே இருந்தாள். எங்களைப் பார்த்தாள். வண்டியில் வந்த பிள்ளைகளைப் பார்த்தாள். புதுப் புடவை சரசரக்க எழுந்து வந்து மாமியார் பக்கத்தில் நின்றாள்.

“அயித்தை, இதெல்லாம் என் சீருதானே?”

“இது என்ன கேள்வி ஆத்தா? ஒஞ் சீருதான்.”

“அப்ப நான் யாருக்கு வேணாலும் குடுக்கலாமில்ல?”

“ஏன், யாருக்குக் குடுக்கப் போற?”

“நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு. இந்தத் தராசு, கண்ணாடிச் சாமான், வெளக்கு, எல்லாம். எனக்குத்தான் பதினொன்னு கெடைக்கல. இந்தப் புள்ளைகளாவது படிக்கட்டும்.”

மாமியார் ஆச்சி மருமகளைப் பார்த்தார். கூடி நின்ற ஊரைப் பார்த்தார். ஜீப்பில் வந்த அதிகாரியையும் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

“பார்த்துக்கங்க! எங்க வீட்டுக்கு வந்த மறுநாளே தருமம் பண்ணுறா எம் மருமக! சார், இதோட ஒரு அண்டாவும் எடுத்துட்டுப் போங்க. புள்ளைக தண்ணி குடிக்கட்டும்.”

சார் உமையாளைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் பதறிப்போய், “சார், என்ன சார் இது?” என்றாள்.

“மணி அடி, கருப்பையா” என்றார் என்னிடம்.

பந்தல் காலில் தண்டவாளத்தைக் கட்டி அடித்தேன். கல்யாண வீட்டின் நடுவில் வகுப்பு தொடங்கியது. அதிகாரி செல்லத்தை எழுப்பினார்.

“இந்தத் தராசுல ஏதாவது ஒண்ணை நிறுத்துக் காட்டு பார்ப்போம்.”

செல்லம் தாம்பாளத்திலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து வைத்தாள். தட்டு ஆடி நிற்கும்வரை யாரும் மூச்சு விடவில்லை. எடையைச் சொன்னாள். அதிகாரி குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு அந்தப் பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சாப்பாடு முடிந்ததும் அவர் சாரிடம், “பிரமாதம். இன்னைக்குப் பிள்ளைகளுக்கு லீவு விட்டுருங்களேன்” என்றார்.

“இன்னும் பூகோளம் பாக்கி இருக்கு, சார்.”

திரும்பி வந்த மாட்டு வண்டியில் பூகோளம் நடந்தது.

வகுப்பு நிலைத்துவிட்டது. ஆர்டர் வந்ததும் மச்சினன் வருவது குறைந்தது. பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். மே மாதம் வந்தது. காலிப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சார் காரைக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் பேப்பர். என் பக்கத்தில் வந்து நின்றார்.

“கருப்பையா, நாளைக்கு ஒனக்கு லீவு.”

கம்பி கீழே விழுந்துவிட்டது. வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

“நான் என்ன சார் தப்புப் பண்ணேன்?”

“தப்பா? ஒம் மக பாஸுப்பா. வீட்டுல போயி அவகூட இரு.”

“நாளைக்கு மணி?”

“அதை நான் பார்த்துக்கிறேன். போ.”

மறுநாள் வீட்டில் இருந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. செல்லம் காப்பி கொடுத்தாள். பேப்பரில் அவள் நம்பரை மறுபடியும் காட்டினாள். வேளை வந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து மணி கேட்டது. ஓங்கி ஒன்று, லேசாக ரெண்டு, அப்புறம் இரும்பு மரத்தில் இடிக்கிற சத்தம்.

“யாருப்பா அடிக்கிறது? தாறுமாறா விழுகுது” என்றாள் செல்லம்.

“சார்தான்.”

அவள் சிரித்தாள். நான் எழுந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

“எங்கப்பா கெளம்பிட்டீக? ஒங்களுக்கு லீவுல்ல?”

“பாவம்மா, அவருக்கு மணி அடிக்கத் தெரியல” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.