நாற்பது வாட் சொன்னது

வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை, பின்னேரம்.

அன்புள்ள லவன் சித்தப்பாவுக்கு,

தனுஷியா எழுதுகிறேன். நான் சுகம். நீங்கள் என்னிடம் விட்டுப்போன இரண்டு ஸ்பீக்கர்களும் சுகம். ரொறன்ரோவில் நீங்களும் சித்தியும் முழங்கால் நோவில்லாமல் இருக்க வேண்டுகிறேன். விஷயம் இதுதான்: சனிக்கிழமை விமானத்தில் தயவுசெய்து ஏற வேண்டாம். நீங்கள் வருவதை ஆறு வருடமாகப் பார்த்திருந்தவள்தான் இதைச் சொல்கிறேன். காரணம், நீங்கள் வாங்கச் சொன்ன அம்பிளிபயர். போன் எடுத்துச் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள் என்பதால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

"ஸ்பீக்கர் பெரிசு, அதைத் தள்ளக்கூடிய ஒண்டாய்ப் பார்த்து எடு" என்று நீங்கள் சொன்னபடி, தெமட்டகொடையில் பழைய ஓடியோ சாமான் விற்கும் பௌஸி நானாவிடம் போனேன். அவர் மூன்று பெட்டிகளை ஓட்டோவில் ஏற்றி, "வீட்ட வெச்சுக் கேட்டுப் பாருங்க மகள், புடிச்சத வெச்சுட்டு மத்தத அனுப்புங்க" என்றார். முதலாவது நூற்றைம்பது வாட். குமிழைக் கால்வாசி திருப்பினேன்; அலமாரிக்குள் கோப்பைகள் நடக்கத் தொடங்கின. கீழ்வீட்டு பற்றிக் அங்கிள் ஏறிவந்து, "என்ன பிள்ளை, கலியாணவீடே? எங்களுக்கு ஒரு அழைப்புக் கார்டும் வரேல்லை" என்று கேட்டார். இரண்டாவது, பாட்டு ஓய்கிற இடமெல்லாம் இலையான் மொய்ப்பது போல இரைந்தது. மூன்றாவது வெறும் நாற்பது வாட், மூலையில் துரு. ஆனால் பாடுகிறவர் அடுத்த அடிக்கு முன் மூச்சு இழுப்பது அதில்தான் கேட்டது. என்னை அறியாமல் நானும் கூடவே இழுத்தேன். இதுவே போதும் என்று முடிவெடுத்து, தூசி துடைப்பதற்காகப் பாட்டு வருகிற வயரைக் கழற்றினேன். அப்போது அந்தப் பெட்டி, "தனுஷியா, பால் பொங்குது" என்றது.

உண்மையில் பொங்கிக்கொண்டிருந்தது.

நடுவயதுப் பெண்குரல், சித்தப்பா. அதட்டலில்லை, அவசரமில்லை, அடுத்த அறையில் உடுப்பு மடித்துக்கொண்டே சொல்வது போல. அடுப்பை நிறுத்திவிட்டு வந்து பெட்டிக்கு நன்றி சொன்னேன். வேறு என்ன செய்வது? பௌஸி நானாவுக்குப் போன் எடுத்தால், "ஸ்பீக்கர் வயர் நீளமாயீக்கி மகள். ஏரியல் மாதிரி இழுக்கும். ஏதாச்சும் ரேடியோவாயீக்கும்" என்றார். என் பெயரைச் சொல்கிற ரேடியோவா என்றேன். மறுநாள் மத்தியானம் நேரில் வந்து, மூடியைத் திறந்து, ஊதி, ஸ்பீக்கர் வயரைப் பாதியாக வெட்டி இணைத்துவிட்டு, "இப்ப பேசச் செல்லுங்க பாப்பம்" என்று சிரித்தார். "பௌஸி நானா, குடை கொண்டு வரேல்லையே?" என்றது பெட்டி. வெளியே வெயிலில் கடல் கண்ணைக் கூசவைத்தது. அவர் காலி வீதிச் சந்திக்குப் போய்ச் சேருமுன் மழையில் தோய்ந்துபோனார். அங்கிருந்தே போன் எடுத்து, "மகள், அந்தச் சாமான நீங்களே வெச்சுக்கோங்க. என்ட கடையில எடுத்ததெண்டு மட்டும் யாருக்கும் செல்ல வாண்டாம்" என்றார்.

அதன்பிறகு அது சொன்ன எதுவும் பொய்க்கவில்லை. லிப்ட் நிற்கும் என்றது, நின்றது. தண்ணீர் பிடித்து வை என்றது. குழாய் இரண்டு நாள் வறண்டது. முதல் நாள் பயந்தேன்தான். பிறகு, தனியே இருக்கும் வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் இருப்பது அவ்வளவு கெட்ட விஷயமாகத் தெரியவில்லை. சரியான பயம் நேற்றுத்தான் வந்தது. கடற்கரை ரயில் போய் ஓய்ந்ததும், அதே குரலில், "லவனை வர வேண்டாம் எண்டு சொல்லு" என்றது. ஏன் என்று கேட்டேன். ஸ்பீக்கருக்குள் யாரோ மூச்சு இழுத்தது மட்டும் கேட்டது.

ஆகவே டிக்கெட்டை மாற்றுங்கள். எனக்குப் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, மாற்றிவிட்டு நினையுங்கள். சித்திக்கும் உங்களுக்கும் என் அன்பு. இந்த வீதியிலுள்ள பிள்ளையார் அந்தப் பக்கமும் ஒரு கண் வைத்திருக்கட்டும்.

உங்கள்,
தனுஷியா

பி.கு.: இதை அனுப்பப் போகும் நேரம் வாசல் மணி அடித்தது. "பிள்ளை, நான்தான், லவன் சித்தப்பா. சொல்லாமல் கொள்ளாமல் முந்தின பிளேனிலை வந்திட்டன். கதவைத் திற" என்று உங்கள் குரல். உங்கள் இருமல்கூட. சந்தோஷத்தில், எழுதியதையெல்லாம் மறந்து ஓடினேன். கொண்டியில் கை வைத்தபோது பின்னாலிருந்து பெட்டி, "அது லவன் இல்லை" என்றது. மணி இன்னும் அடிக்கிறது. "என்னடி பிள்ளை, கால் நோகுது" என்கிறீர்கள். வெளியே நிற்பது நீங்கள்தான் என்றால் மன்னித்துவிடுங்கள். இப்போது இதை உங்களுக்கு அனுப்பிவிட்டு, வெளியே உங்கள் போன் இந்த மின்னஞ்சலுக்குச் சத்தமிடுகிறதா என்று கதவில் காதை வைத்துக் கேட்கப் போகிறேன்.