செயினுக்கு வெளியே

"ஒவ்வொரு தடவையும் செயினைத் தொட்டா ஊருக்கே தெரிஞ்சுபோகுமுங்க. செயினுக்கு வெளியவே ரெண்டு பேருக்குள்ள கைமாத்திக்கலாம். மூணாவது ஆளுக்குத் தெரியவே தெரியாது."

வாசலில் நின்று போனில் இப்படிப் பேசியது, வெள்ளிக்கிழமை நிச்சயம் செய்யவிருந்த மாப்பிள்ளை சாய்சரண். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்டது, மாமனாராகப் போகும் அழகிரிசாமி. அன்னூர் வட்டாரத்தில் அவரைப் போல் ஒரு சந்தேகப்பிராணி கிடையாது. பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் என்பார். மகள் பிரத்யுஷாவுக்கு வந்த ஏழு வரன்களையும் அப்படித்தான் விரட்டியடித்தார், மகராசன்!

சமையலறைக்கு ஓடினார்.

"பங்காரு, செயினைக் கழட்டி அரிசி டிரம்முல போடு! மாப்பிள்ளை செயின் அடிக்கற கூட்டம்!"

"உங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க" என்றாள் மனைவி பங்காரம்மா. ஆனாலும் கழற்றிப் போட்டாள்.

இலையில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் கண் பங்காரம்மாவின் கழுத்துக்குத்தான் போனது.

"ஏனுங்க அத்தை, வந்தப்ப கழுத்துல செயின் இருந்துச்சே?"

அழகிரிசாமிக்குப் புரையேறியது. பாவி, வந்ததுமே நோட்டம் விட்டிருக்கிறான்! நேரடியாகவே மடக்கினார்.

"கம்பெனியில என்னங்க வேலை, மாப்பிள்ளை?"

"ஆஃப் செயின் டிசைனுங்க மாமா. நாலு பேர் டீமு. நான்தான் லீடுங்க."

கூட்டத்துக்கே தலைவனா! அழகிரிசாமி கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"போலீசுக்குப் போன் போடறேன்! கல்யாணமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!"

பிரத்யுஷா போனைப் பிடுங்கினாள்.

"ஐயோ அப்பா! அது கழுத்துச் செயின் இல்லீங்க, பிளாக்செயின். கிரிப்டோ பணத்துக்கு கம்ப்யூட்டர்ல இருக்கற பொதுப் பதிவேடு. ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு சேனலைத் திறந்துக்குவாங்க. திறக்கறதும் மூடறதும் மட்டும் அதுல பதிவாகும். நடுவுல எத்தனை தடவை பணம் மாறுனாலும் செயினுக்கு வெளிய, அவங்களுக்குள்ளயே. அதுதான் ஆஃப் செயின். இவரு டிசைன் பண்றது அந்தச் சேனலைத்தானுங்க."

இதற்கும் அடங்கினாரா மனுசன்? சந்தேகம் இரண்டு மடங்கானது.

"அப்படிச் சொல்லு! ஊருக்குத் தெரியாம ரெண்டு பேர் கையெழுத்துப் போடற திருட்டு வேலை! எனக்கு இது சரிப்படாது. இந்தக் கல்யாணம் நடக்காது!"

மாப்பிள்ளை இலைக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்த பங்காரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது நடந்து ரெண்டு மாசமாச்சுங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன்."