மணிக்கட்டுக்காரர் சிவஞானம்

மணிக்கட்டுக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் இவர்களைத் தனியாகக் காட்டமாட்டார்கள். ஆனால் பஸ்ஸில் உங்கள் பக்கத்து இருக்கையில், ரேஷன் கடை வரிசையில், கல்யாணப் பந்தியில் எதிர் இலையில், சாவு வீட்டில் (சாவு வீட்டில் கட்டாயம்) பார்த்திருப்பீர்கள். கைக்கடிகாரம் வலது கைக்கு மாறியிருக்கும், ஏனென்றால் இடது கை முழுவதும் நாடிக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. மூன்று விரல்கள் மணிக்கட்டில் பதிந்திருக்கும், கண் நொடி முள்ளோடு சுற்றும், உதடு ஓசையில்லாமல் எண்ணும். அந்த நேரத்தில் போய் நீங்கள் சௌக்கியமா என்று கேட்டால், தாடையை உயர்த்திப் பொறுங்கள் என்று சைகை காட்டுவார். சௌக்கியமா இல்லையா என்பது அவருக்கே இன்னும் நாற்பது நொடி கழித்துத்தான் தெரியும்.

நம் சிவஞானம் இந்த இனத்தில் பிறந்தவர் அல்ல, நடுவில் சேர்ந்தவர். மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. வயது நாற்பத்தொன்பது. இருபது வருஷமாக வரப்பில் நடந்து, பாத்தித் தண்ணீரில் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்ப்பது அவர் தொழில். இருபத்தைந்து டிகிரி ஏறினால்தான் உப்பு பூக்கும். இருபத்து மூன்றிலேயே பலகையை எடுத்து வாரக் கிளம்பியவரை அவர் மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை. அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர். அப்படிப்பட்டவருக்கு நெஞ்சு படபடத்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?

முதல் படபடப்பு 2005ஆம் வருஷம் மாசி மாதம், உச்சி வெயிலில் வந்தது. மூட்டை ஏற்ற வந்த லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. சிவஞானம் வரப்பில் நின்று ‘வா, வா’ என்று கை காட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது ‘வா’வில் நெஞ்சுக்குள் எதுவோ ஒரு துள்ளு துள்ளி, கொஞ்சம் யோசித்து, பிறகு தடதடவென்று ஓடத் தொடங்கியது. லாரி வரப்பை இடித்துக்கொண்டு நின்றது. சிவஞானம் உப்புக் குவியலின் மேலேயே உட்கார்ந்து சாவதற்குத் தயாரானார். குலதெய்வத்தை நினைத்தார். மனைவி அம்சவல்லியை நினைத்தார். மகள் கலைமதியை நினைத்தார். வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை யாரிடமும் சொல்லவில்லையே என்று நினைத்தார். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. சாவு வரவில்லை. அவ்வளவு ஏற்பாடு செய்துவிட்டுச் சும்மா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போவது அவருக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அன்று சாயந்திரம் மருந்துக் கடைக்காரர், சில்லறை பொறுக்கிக்கொண்டே, ‘நாடி எழுபத்திரண்டு இருந்தா போதும் மேஸ்திரி’ என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். தாம் என்ன காரியம் செய்தோம் என்பது அந்த நல்ல மனிதருக்கு இன்றுவரை தெரியாது.

எழுபத்திரண்டு! ஓர் எண் கிடைத்துவிட்டது. இனி சிவஞானத்தைப் பிடிக்க முடியுமா? காலையில் எழுந்ததும் பார்ப்பார். பல் விளக்கிவிட்டுப் பார்ப்பார், பல் விளக்கியதில் ஏறியிருக்கிறதா என்று. எழுபத்திரண்டே இருந்தால் கடிகாரத்தின் மேல் சந்தேகம் வரும். எழுபத்தாறு இருந்தால் முகம் வெளுக்கும். முகம் வெளுத்தபின் எண்ணினால் எண்பத்திரண்டு இருக்கும். எண்பத்திரண்டைக் கண்டதும் நாடி தொண்ணூறைத் தொட்டுவிடும். கடைசியில் எது எதை ஏற்றுகிறது என்று கேட்க அங்கே யாருமில்லை. மனதை நிதானப்படுத்த டீ குடிப்பார். ஒரு நாளைக்கு ஒன்பது டீ.

இந்த இனத்தாரின் பேச்சு எப்போதும் ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்றுதான் தொடங்கும். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். நம்பிவிட்டால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். உப்பளத்தில் பலகை தள்ளும் முத்தம்மாள் ஒருநாள் நம்பிவிட்டாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல முத்தம்மா. லேசா நெஞ்சு அடிச்சிக்குது, அவ்ளோதான்.”

“அடிச்சிக்கட்டும் மேஸ்திரி. அடிக்காம நின்னாத்தான் கஷ்டம்.”

அன்று அவள் பாத்தியில் எத்தனை முறை டிகிரி பார்த்தும் சிவஞானத்துக்குத் திருப்தி வரவில்லை.

நம்பாதவர்களும் இருந்தார்கள், அவர்களால்தான் வினை. ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் கட்டில் வேலை பார்க்கும் ஆரோக்கியராஜ், வாரக் கடைசியில் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு, சிவஞானத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணா, இது உப்பு பண்ற வேல. எங்க எடத்துல வெள்ளக்காரங்க உப்பத் தொடறதே கெடையாது. தொண்ணூறு வயசுல சைக்கிள் ஓட்றாங்க. நீங்க நாள் பூரா உப்புலயே நிக்கிறீங்க. வாய் வழியா வேற எதுக்கு?”

சிவஞானத்துக்குப் பொறி தட்டியது. இருபது வருஷமாகக் காலில், கண்ணில், மூக்கில், வேட்டி மடிப்பில் உப்பு. உடம்புக்குள் எத்தனை டிகிரி ஏறியிருக்குமோ! அன்றைக்கே உப்பை நிறுத்தினார். அம்சவல்லி குழம்பை இரண்டு சட்டியில் வைக்கத் தொடங்கினாள். சுள்ளென்று அடிக்கும் சித்திரை வெயிலில், கூடை கூடையாக உப்பு போய்க்கொண்டிருக்கும் வரப்பின் மேல் உட்கார்ந்து, மரக்காணம் உப்பள மேஸ்திரி உப்பில்லாத கூழைக் குடித்தார். வேர்த்துக் கொட்டியது. வேர்வை போனால் கெட்டது போகிறது என்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாகப் படிந்த உப்பைப் பார்த்து, வெளியேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டார். பத்தாம் நாள் தலை சுற்றியது. இருபதாம் நாள் கால் பின்னியது. படபடப்பு முன்பு ஒரு வேளை வந்தது, இப்போது மூன்று வேளையும் வந்தது. உள்ளே இன்னும் உப்பு பாக்கி இருக்கிறது என்று முடிவுகட்டி, ஊறுகாயையும் நிறுத்தினார்.

இதுவரை எல்லாம் வேடிக்கைதான். மணிக்கட்டுக்காரர் தம் நாடியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும்வரை ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் எப்போதாவது ஒருநாள் அவர் நிமிர்ந்து, வீட்டில் இருப்பவர்களைப் பார்ப்பார். அப்போதுதான் ஆபத்து.

சிவஞானம் நிமிர்ந்து பார்த்தபோது கண்ணில் பட்டவள் கலைமதி. திண்டிவனத்துக்கு பஸ்ஸில் போய் வந்து பி.எஸ்சி. கணக்கு படிக்கிறாள். இரண்டாம் வருஷம் முடித்திருந்தாள். அந்த வீட்டில் முதல் பட்டம் அவளுடையதாகத்தான் இருக்கப்போகிறது.

“எனக்கு ஒண்ணுமில்ல,” என்றார் சிவஞானம், கையைப் பிடித்துக்கொண்டு. “ஆனா நான் இருக்கும்போதே இவள ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துட்டா நிம்மதியா கண்ண மூடிடுவேன்.”

“ப்பா, இன்னும் ஒரு வருஷம்தான். முடிச்சிட்றேன்.”

“ஒரு வருஷம் நான் இருக்கணுமே.”

இதற்கு என்ன பதில் சொல்வது? உலகத்தில் எந்தப் பிள்ளையாவது ‘இல்லாவிட்டால் பரவாயில்லை’ என்று சொல்ல முடியுமா? கலைமதி உள்ளே போய்விட்டாள். மூன்றே வாரத்தில் திண்டிவனத்தில் ஒரு வரன் வந்தது. பையன் பெயர் பாலகுரு, செல்போன் கடை வைத்திருந்தான். வைகாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. அதற்கு நான்கு நாள் முன்னால் சிவஞானம் வரப்பிலிருந்து நழுவிப் பாத்திக்குள் மயங்கி விழுந்தார். முத்தம்மாள்தான் தூக்கி உட்கார வைத்தாள். அம்சவல்லியும் கலைமதியும் அவரைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.

டாக்டர் நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் படம் எடுத்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், தாளையும் சிவஞானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன வேல பாக்கறீங்க?”

“உப்பளத்துல மேஸ்திரிங்க.”

“ஒடம்புல உப்பு கொறஞ்சிருக்கே.”

சிவஞானம் உப்பை நிறுத்திய கதையைச் சொன்னார். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்துகொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு நிமிர்ந்தார்.

“வெயில்ல நாள் பூரா வேர்த்துட்டு, வெறும் தண்ணியா குடிச்சா தல சுத்தாம என்ன பண்ணும்? ஒழுங்கா உப்பு போட்டு சாப்புடுங்க. டீயக் கொறைங்க. இதயம் நல்லா இருக்குது. ஆனா படபடப்பு உப்ப நிறுத்தறதுக்கு முன்னாடியே வந்துச்சின்னு சொல்றீங்க. அது மனசுல இருந்து வருது. எதுக்காவது பயந்தீங்களா?”

“நானா? எனக்கு என்னங்க பயம்.”

அம்சவல்லி கலைமதியைக் காட்டிக் குறுக்கே பேசினாள்.

“சுனாமி அன்னிக்கி இவ எக்கியார்குப்பத்துல இருந்தாங்க. கூடப் படிக்கிற சந்தியா வீட்ல. கிறிஸ்மசுக்குக் கூப்ட்டாங்கன்னு போயி, நைட்டு அங்கயே தங்கிட்டா. காலைல தண்ணி வந்துடுச்சி. பொண்ணுங்க ரெண்டும் ஓடி, எவனோ லாரியில ஏத்திட்டுப் போயி திண்டிவனம் ரோட்ல ஒரு ஸ்கூல்ல எறக்கி விட்டிருக்கான். அது எங்களுக்குத் தெரியாது. இவரு நாலு மணி நேரம் குப்பத்துல தேடினாரு. ஒவ்வொரு துணியா தூக்கித் தூக்கிப் பாத்தாரு. வந்தப்பறம் ஒரு வார்த்த பேசல. இன்னைக்கி வரைக்கும் பேசல.”

கலைமதி அப்பாவைப் பார்த்தாள். அவள் வீடு வந்து சேர்ந்த அன்று, ‘சாப்ட்டியா’ என்று மட்டும் கேட்டுவிட்டு வரப்புக்குப் போன மனிதர் இவர்தான். சிவஞானம் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று விரல்களும் மணிக்கட்டில் இருந்தன, ஆனால் எண்ணவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் உப்புக் குறைவை முழு மனதோடு ஒப்புக்கொண்டார். அது அவருடைய தொழில். பயத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பயத்துக்கு டிகிரி பார்க்கும் குழாய் கிடையாதே! டாக்டர் எதையோ மறைக்கிறார் என்றார். நல்ல செய்தியை நம்பாமல் இருப்பது இந்த இனத்தின் குலவழக்கம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு அப்படியே இருந்தது. கடலைவிட்டுத் தள்ளி, திண்டிவனத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டால் போதும். இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வெளியே சொல்லவில்லை. அம்சவல்லிக்கு அது கேட்டுவிட்டது.

ஞாயிறும் வந்தது. பையனின் தகப்பனார் அரசப்பன், காற்று வரட்டும் என்று வாசல் ஓரமாக நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். பஜ்ஜி எண்ணெய் என்றார். கேசரி சர்க்கரை என்றார். காபி வேண்டவே வேண்டாம் என்றார். பையன் மூன்றையும் சாப்பிட்டான். கலைமதி வந்து வணக்கம் சொன்ன நேரத்தில் சிவஞானத்தின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ள, வழக்கப்படி விரல்கள் மணிக்கட்டுக்குப் போயின. தற்செயலாக நிமிர்ந்தார். எதிரே சம்பந்தி ஆகப்போகிறவரின் கடிகாரமும் வலது கையில்தான் இருந்தது. அவருடைய மூன்று விரல்களும் அதே இடத்தில்தான் இருந்தன. இரண்டு பேரும் முழு நிமிஷம் எண்ணி முடிக்கும்வரை யாரும் பேசவில்லை. மற்றவர்கள் அதைப் பெண்ணை மெச்சும் மௌனம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

“எவ்ளோங்க?” என்றார் சிவஞானம் மெதுவாக.

“எம்பத்தாறு. உங்களுக்கு?”

“எழுவத்தெட்டு.”

அரசப்பன் தமக்கு எட்டு கூடியிருப்பதற்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா நான் இருக்கும்போதே பையனுக்கு முடிச்சிட்டா நிம்மதியா கண்ண மூடிடுவேன். ஆவணியிலயே வெச்சிக்கலாம்.”

“பொண்ணு இன்னும் ஒரு வருஷம் படிக்கணும்னு…” என்று அம்சவல்லி ஆரம்பித்தாள்.

“ஒரு வருஷம் நான் இருக்கணுமேம்மா.”

சிவஞானத்தின் விரல்கள் மணிக்கட்டை விட்டு நழுவின. தம்முடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வேறொருவர் தெருவில் போவதைப் பார்த்தால் எப்படி இருக்கும், அவருக்கு அப்படி இருந்தது. பாலகுரு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பையனுக்கும் இப்போது கல்யாணத்தில் இஷ்டம் இருக்கிறதா என்று இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவர்கள் பஸ் ஏறியதும் சிவஞானம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“இந்த எடம் வேணாம்.”

“ஏங்க? பையன் நல்லாத்தான இருக்கறான்.”

“பையன் நல்ல பையன்தான். அந்தாளு அவனப் போட்டு அழுத்தறாரு. பயந்து செத்துட்டிருக்காரு, அதுக்கு இவங்க ரெண்டு பேரு தலையிலயும் தாலிய வெச்சி அமுக்கப் பாக்கறாரு. பெத்தவன் பண்ற வேலயா இது?”

அம்சவல்லி கதவில் சாய்ந்து நின்றுகொண்டு அவரையே பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று கேட்காதீர்கள், தேவையான அளவுக்குப் பார்த்தாள். சிவஞானம் ஆணியில் மாட்டிய சட்டையை எடுத்து மறுபடி மாட்டினார். பிறகு உள்ளறை வாசலுக்குப் போய், கலைமதியின் முகத்தைப் பார்க்காமல், “காலேஜ் என்னைக்கித் தொறக்கறாங்க?” என்று கேட்டார்.

“வர்ற பதினாறாம் தேதிப்பா.”

“அன்னிக்கி நீ கெடைக்கலன்னா நானும் அந்தத் தண்ணியிலயே போயிருப்பேன்,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஐந்து மாதமாகச் சொல்லாத பேச்சு அது. கலைமதி எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

படபடப்பு நின்றுவிட்டதா என்று கேட்கிறீர்களா? எங்கே நின்றது! திண்டிவனம் பஸ் கால் மணி தாமதமானால் இப்போதும் வருகிறது. ஆனால் அது என்னவென்று அவருக்குத் தெரியும், டீக்கடையில் கேட்டால் சொல்லவும் செய்வார்: “பொண்ணு இன்னும் வரல, அதான்.”

ஆக, சிவஞானம் ஒருவழியாகத் தேறிவிட்டார். எனக்கு உங்களை நினைத்தால்தான் கவலை. ஒன்பது டீ என்று படித்தபோது உங்களுடையதை எண்ணிப் பார்த்தீர்கள். எழுபத்திரண்டு என்றதும் கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்தினீர்கள். நான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை, உங்களுக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், உங்கள் பயத்துக்காக அது எதையாவது விட்டுக்கொடுத்திருக்கிறதா என்று. உடனே பதில் வராது. அதுவரை நாடியைப் பார்த்துக்கொண்டிருங்கள்.