மாமனாரின் கண்ணாடித் தோட்டம்

மூடிய ஜாடிக்குள் வியர்த்துக் கொட்டுவதைப் பார்த்ததும் லிஃப்ட் மெக்கானிக்குக் கை பரபரத்தது. பாதியில் நின்ற லிஃப்டுகளைத் திறந்து, உள்ளே புழுங்கித் தவிப்பவர்களை வெளியே இழுப்பதுதான் பத்து வருடமாக அவன் பிழைப்பு. யோசிக்காமல் மூடியைத் திருகித் திறந்துவிட்டான். பாவம், பாசிக்கும் மூச்சு என்று ஒன்று இருக்குமே.

பிறகுதான் ஜாடிக்கு அடியில் இருந்த சீட்டைப் படித்தான். 'திறக்கவே கூடாது. உள்ளே வியர்ப்பதுதான் இதற்குத் தண்ணீர்.'

மாமனார் ஊருக்குப் போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் எட்டு நாளில் வந்துவிடுவார். கூடத்து ஜன்னலோரம் இருந்த மூன்று கண்ணாடித் தோட்டங்களையும் அவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். மூடிய ஜாடியில் பாசி, திறந்த கிண்ணத்தில் குட்டிக் கள்ளி, உயரமான ஜாடியில் பெரணி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாகத் தண்ணீர் என்பதால் அடியில் ஒவ்வொரு சீட்டு.

பெண்ணைக் கொடுக்க முதலில் ஒரேயடியாக மறுத்த மனிதர் அவர். கல்யாணமாகி ஐந்து மாதமாகியும் இவனை ஒரு தடவைகூட 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டதில்லை. எல்லாம் 'இந்தாப்பா'தான்.

"போன வருஷம் பெரிய மாப்பிள்ளைகிட்ட விட்டுட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தா, நான் விட்டதைவிடச் செழிப்பா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினார். அந்தப் பேச்சு இவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பாசி வறண்டு பழுப்பாகிவிட்டது. பயத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை அப்படியே ஊற்றினான். ஜாடிக்கு அடியில் ஓட்டை இல்லை என்பது ஊற்றிய பிறகுதான் உறைத்தது. தண்ணீர் கூழாங்கல்லுக்கு மேல் ஏறி நின்றது. ஜாடியைச் சாய்த்து வடிக்கப் பார்த்ததில் ஜன்னல் திண்டு முழுக்கச் சேறு. மூன்றையும் தூக்கி வைத்துத் துடைத்தான். திரும்ப வைக்கும்போது சீட்டுகள் இடம் மாறிவிட்டன.

'தினமும் காலையில் தெளிக்கவும்' என்ற பெரணியின் சீட்டு கள்ளிக்கு வந்தது. கள்ளி இவ்வளவு குடிக்குமா என்று சந்தேகம் வரத்தான் செய்தது. ஆனால் கையெழுத்து மாமனாருடையது. அதை எதிர்த்துப் பேச இவனுக்குத் தெம்பு ஏது? தினமும் தெளித்தான். பெரணிக்குக் கள்ளியின் சீட்டுப்படி, பதினைந்து நாளைக்கு ஒரு ஸ்பூன் என்று விட்டுவிட்டான்.

ஆறாம் நாள் கள்ளியைத் தொட்டால் விரல் உள்ளே போனது. காயட்டும் என்று வெயிலில் வைத்தான். கண்ணாடிச் சூட்டில் அது வெந்தே போயிற்று. பெரணி சுருண்டு நொறுங்கியது. பாசியைக் காப்பாற்ற மனைவியின் ஹேர் டிரையரைப் பிடித்தான். பாசி பறந்து நாற்காலிக்கு அடியில் போய் விழுந்தது.

"என்னங்க, பேசாம அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்," என்றாள் மனைவி.

"சொல்லலாம். அப்புறம் ஆயுசுக்கும் நான் 'இந்தாப்பா'தான்."

ஒரு ஜாடிப் பாசியைக் காப்பாற்றத் துப்பில்லாதவனிடமா பெண்ணைக் கொடுத்தோம் என்று அவர் நினைத்தால், அதற்கு மேல் எதைச் சொல்லி நிமிர்வது?

ஒன்பதாம் நாள், மறுநாள் அவர் வரப்போகிறார் என்ற நடுக்கத்தோடு, இரண்டு தெரு தள்ளி இருந்த செடிக்கடைக்கு ஓடினான். கைப்பேசியில் பழைய படத்தைக் காட்டி, இதே மாதிரி மூன்றும் வேண்டும், இலை கணக்குக்கூட மாறக் கூடாது என்று கெஞ்சினான்.

கடைக்காரர் படத்தைப் பார்க்கவே இல்லை. அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து வைத்தார். பெட்டிக்குள் பாசி, கள்ளி, பெரணி மூன்றும் அச்சு அசலாக இருந்தன.

"எனக்கு இதுதான் வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

கடைக்காரர் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டே சொன்னார்: "உங்க மாமனார் ஊருக்குப் போற அன்னைக்கே எடுத்து வைக்கச் சொல்லிட்டாரே, போன வருஷம் பெரிய மாப்பிள்ளை நாலாம் நாளே வந்து வாங்கிட்டாரு, இந்தத் தடவை எங்க சின்ன மாப்பிள்ளை வருவார்னு."